பழைய வீட்டில் ரெக்கார்டிங் ஸ்டுடியோ: காரைக்குடி அனுபவம்

ஸ்டுடியோ என்றதும் எல்லோரும் மைக் விலையைத்தான் விசாரிக்கிறார்கள். காரைக்குடிப் பக்கம் நாங்கள் முதலில் செலவழித்தது அறைக்கும் எர்த்துக்கும். அதற்கும் முன்னால் பங்காளிகள் அத்தனை பேரின் கையெழுத்து. ஒருவர் விட்டுப்போனாலும் ஓர் ஆணி அடிக்க முடியாது.

வளவு, அதாவது நடு முற்றம், அழகுதான், பதிவுக்கு ஆகாது. புறா, மழை, கோயில் ஒலிபெருக்கி எல்லாம் உள்ளே வரும். இரண்டாம் கட்டில் ஓர் அறை எடுத்தோம். ஆத்தங்குடிக் கல் தரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர். கை தட்டினால் சத்தம் சுவருக்குச் சுவர் ‘டிர்ர்’ என்று ஓடியது. முட்டை அட்டையோ மெல்லிய ஃபோமோ ஒட்டினால் மேல் ஒலி மட்டும்தான் அடங்கும், தவிலின் கனத்த ஒலி அப்படியே நிற்கும். பிய்க்கும்போது பூச்சும் சேர்ந்து வரும்.

அதனால் சுவரைத் தொடவில்லை. 4க்கு 2 அடி மரச்சட்டம் 12, ஒவ்வொன்றிலும் ஒலியை உறிஞ்சும் 50 மி.மீ. ராக்வூல் (கல் நார்ப் பலகை) இரண்டு அடுக்கு. சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி நிறுத்தினோம், அந்த இடைவெளி கீழ் ஒலியைப் பிடிக்க உதவும். போர்த்தக் கண்டாங்கித் துணி. துணியை வாயில் வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் வரவேண்டும், இல்லாவிட்டால் வேறு துணி பாருங்கள்.

நாகஸ்வரத்துக்கு மைக்கை அணசின் (கீழ்முனையில் விரிந்த பகுதி) வாயில் வைக்காதீர்கள். விரல் துளைகளிலிருந்தும் நாதம் வருகிறது; 5 அடி தள்ளி வைத்தால்தான் முழுசாகக் கிடைக்கும். தவிலுக்கும் அதற்கும் நடுவே சட்டத்தைப் படுக்கவையுங்கள். உயரம் 2 அடிதான், தரையில் உட்கார்ந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கலாம். ஆளுக்கொரு கண்ணாடிக் கூண்டில் அடைத்தால் தாளம் பிசகாது, ஆனால் உயிர் போய்விடும்.

ஏசி பெரிய வில்லன். காற்று உலர்ந்தால் மிருதங்கத்தின் வலந்தலைச் (வலப்பக்கம்) சுருதி ஏறும், தொப்பியில் (இடப்பக்கம்) ஒட்டிய ரவை காயும். கலைஞர் வருவதற்கு அரைமணி முன்பே அறையைக் குளிரவைத்து, 26 டிகிரியில் விடுகிறோம். காற்று வாத்தியத்தின் மேல் நேராகப் படக்கூடாது. பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர்.

‘உம்’ என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால் கேபிளை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். எங்களுக்குக் காரணம், லேப்டாப்பும், மைக்கை அதோடு இணைக்கும் இன்டர்ஃபேஸும் வெவ்வேறு பிளக்கில் இருந்தது. ஒரே எர்த்துக்குக் கொண்டுவந்ததும் அடங்கியது. இன்வெர்ட்டர் சைன் வேவ்தான் வேண்டும். ஸ்கொயர் வேவ் பதிவில் கரகரக்கும்.

கட்டணம் மணிக்கணக்கில் இல்லை, அரை நாளுக்கு. சுருதி சேர்க்கும் நேரம் கணக்கில் வராது. கிளம்பும்போதே 24 பிட் வேவ் (WAV) ஒலிக்கோப்புகள் பென்டிரைவில்.