ரெண்டு நிமிஷ நடை

"ரெண்டு நிமிஷ நடைதாம்மா" என்று நான் சொன்னது சரியான கணக்கு. 150 மீட்டரை யார் நடந்தாலும் அவ்வளவுதான் ஆகும். ஆனால் அந்த அம்மா சொன்ன பதில் இன்னும் என்னை விடவில்லை.

சிக்னலுக்கு முன்னால் இருந்த பஸ் ஸ்டாப்பை, சிக்னல் தாண்டி 150 மீட்டர் தள்ளி வைக்கலாம் என்பது, சந்திப்புகளில் போக்குவரத்து சர்வே எடுக்கும் எங்கள் குழுவின் பரிந்துரை. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பஸ் நிற்க வேண்டிய இடத்தில் ஷேர் ஆட்டோக்கள் நிற்கும். பஸ் இரண்டாவது வரிசையிலேயே நின்றுவிடும். ஜனங்கள் பைக்குகளுக்கு நடுவே ஓடிப் போய் ஏறுவார்கள். இடது பக்கம் திரும்ப வேண்டிய வண்டிகள் எல்லாம் பின்னால் அடைந்து கிடக்கும். ஒரு பள்ளிக்கூடப் பையன் பைக்கில் இடிபட இருந்ததை சர்வே நாளில் என் கண்ணாலேயே பார்த்தேன். ஸ்டாப்பை மாற்றச் சொன்னதற்கு அந்தப் பையனும் ஒரு காரணம்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் வந்தவர்கள் பெரும்பாலும் கடைக்காரர்களும் கார் வைத்திருக்கும் குடியிருப்புக்காரர்களும். 2016-க்குப் பிறகு 2022 வரை சென்னை மாநகராட்சியில் கவுன்சிலர்களே கிடையாது. அதனால் இந்த மாதிரி விஷயத்துக்கு யாரிடம் போய் நிற்பது என்பதே பலருக்கு மறந்து போயிருந்தது. அந்த அம்மா வீட்டு வேலைக்குப் போகிறவர். யாரோ சொல்லி வந்திருக்கிறார். சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரை பொறுமையாக உட்கார்ந்திருந்தார். நான் பேசி முடித்ததும் சொன்னார்: "தம்பி, நடக்கிறதுக்கு நான் அழல. அங்க எறங்கி, திரும்பி வந்து, இந்த ரோட்டைத் தாண்டி அடுத்த பஸ்ஸைப் பிடிக்கணும். அதுக்குள்ள வெள்ளை போர்டு போயிடும். அப்புறம் வர்றது டீலக்ஸ்."

2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு இலவசப் பயணம் என்பது வெள்ளை போர்டு போட்ட சாதாரணக் கட்டண பஸ்களில் மட்டும்தான். டீலக்ஸில் ஏறினால் டிக்கெட் எடுக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த வெள்ளை போர்டு வரும் வரை நிற்க வேண்டும். அவருடைய ரெண்டு நிமிஷம் சில நாள் அரை மணி நேரம் ஆகிவிடும். எங்கள் அறிக்கையில் இதற்கு இடமே இல்லை.

ஏன் இல்லை என்று யோசித்தால் எங்கள் படிவத்திலேயே போய் முட்டுகிறேன். சந்திப்பில் வண்டிகளை எண்ணி, எல்லாவற்றையும் பி.சி.யு. (பாசஞ்சர் கார் யூனிட்), அதாவது எத்தனை காருக்குச் சமம் என்ற ஒரே அலகுக்குக் கொண்டுவருவோம். கார் 1. பைக் 0.5 அல்லது 0.75. பஸ்ஸுக்கு, சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் 1990 வழிகாட்டியில் 2.2 முதல் 3.7 வரை. சாலையில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதற்கு அது நல்ல கணக்கு, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் தாளில் அறுபது பேர் தொங்கிக்கொண்டு போகும் பஸ்ஸும் காலி பஸ்ஸும் ஒன்றுதான். உள்ளே எத்தனை பேர் என்று எழுத ஒரு கட்டம்கூடக் கிடையாது. வண்டிகளின் தாமதம் குறைந்தது என்று நாங்கள் எழுதும்போது, யாருடைய தாமதம் என்று யாரும் கேட்பதில்லை.

இதை என் சீனியரிடம் சொன்னேன். "ஒரு ஆளுக்காக டிசைன் பண்ண முடியாதுப்பா" என்றார். பஸ் மாறுகிறவர் அவர் ஒருவர்தானா என்று கேட்டேன். அந்தத் தகவல் எங்களிடம் இல்லை. "இரண்டாம் கட்ட மெட்ரோ 118.9 கிலோமீட்டர் வரப் போகுது, அப்போ இந்தப் பிரச்சினையெல்லாம் குறையும்" என்றார். குறையலாம். ஆனால் 2007-லேயே வேளச்சேரிக்கு வந்துவிட்ட பறக்கும் ரயிலைப் பரங்கிமலையோடு சேர்க்கும் 5 கிலோமீட்டர் எத்தனை வருஷம் இழுத்தது என்பதை நாங்கள் இருவருமே பார்த்தவர்கள். வேலைக்குப் போகிறவர்கள் அதுவரை எதில் போவார்கள்?

கவுன்சிலரிடமும் பேசிப் பார்த்தேன். அவர் வெளிப்படையாகவே சொன்னார்: "நெரிசல்னு வாரத்துக்கு நாலு பேர் வந்து கத்துறாங்க சார். பஸ் மாற முடியலன்னு இதுவரைக்கும் ஒரு மனுகூட வரல." அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மனு கொடுக்க அரை நாள் லீவு போட்டால் அந்த அம்மாவுக்குச் சம்பளம் போய்விடும். இதை அவரிடம் சொன்னேன், தலையாட்டினார். ஆனால் ரோடு ஒரு துறை, பஸ் இன்னொரு துறை, சிக்னல் போலீஸ். இவற்றை ஒன்றாகச் சேர்க்க கும்டா என்ற சென்னைப் பெருநகரப் போக்குவரத்து ஆணையத்துக்கு 2010-லேயே சட்டம் போட்டாயிற்று. அது கூடி வேலையைத் தொடங்கவே பத்து வருஷத்துக்கு மேல் ஆனது.

ஸ்டாப் மாறிவிட்டது. இடது பக்கம் திரும்புவது இப்போது சுலபம். ஓடி ஏறும் கூட்டம் குறைந்திருக்கிறது. அந்தப் பையனை நினைத்தால் இதுதான் சரி என்று படுகிறது. அந்த அம்மாவை நினைத்தால் அப்படிச் சொல்ல வரவில்லை. இரண்டு பேருக்கும் பொருந்துகிற மாதிரி, ஷேர் ஆட்டோவை அப்புறப்படுத்தி பஸ்ஸுக்கு இடம் விட்டிருக்கலாம். ஆனால் அது தினமும் ஒரு போலீஸ்காரர் அங்கே நிற்க வேண்டிய வேலை. அதற்கு யார் பொறுப்பேற்பார்கள் என்று நான் எழுதினால் அறிக்கை திரும்பி வரும்.

இப்போது வேறொரு சந்திப்பில் சர்வே நடக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்குபவர்கள் எங்கே போய் அடுத்த பஸ் ஏறுகிறார்கள் என்பதையும் எண்ணச் சொல்லியிருக்கிறேன். ஒப்பந்தத்தில் அதற்குப் பணம் இல்லை. வண்டி எண்ணும் பையன்களில் இருவரைக் காலை நேரத்தில் மட்டும் அதற்கு மாற்றியிருக்கிறேன். சீனியர் இன்னும் சரி என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.