சைட்டோகைன் டெஸ்ட் தேடி அலைந்த கதை

மகளுக்கு 17 வயது, சரியாகச் சாப்பிடுவதில்லை. இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். உடம்பில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் கூடும் சி.ஆர்.பி. என்ற புரதம் ஒன்றுக்கும் கீழே. "உள்ளே அழற்சி எதுவும் இல்லை, நல்லா சாப்பிடச் சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதம் வீணானது அங்கேதான். அப்புறம் கடிதம் வாங்கி ஈப்போ போய், அனோரெக்சியா, அதாவது எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டை ஒதுக்கும் மனநோய் என்று தெரிந்தது.

ஸ்பெஷலிஸ்ட் தேதி வரும்வரை சும்மா இருந்திருக்கலாம். இணையத்தைத் துழாவினேன். நோய் எதிர்ப்பு அணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பும் புரதங்கள்தான் சைட்டோகைன். அதில் ஒன்றான டி.என்.எஃப். ஆல்ஃபாவுக்குக் 'கேக்கெக்டின்' என்றும் பெயர் இருந்தது. உடம்பை எலும்பும் தோலுமாக்குவதால் வந்த பெயர். வேறு வேறு என்று நினைத்த இரண்டும் ஒன்றுதான் என்று 1985இல் தெரிந்ததாம். பிள்ளையின் பசியைத் தின்பது இதுதான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

அதை அளந்து பார்க்க லீவு போட்டு ஈப்போவில் ஒரு தனியார் லேபுக்குக் கூட்டிப் போனேன், அதுவும் வெறும் வயிற்றில்! சாப்பிடாத பிள்ளையை நானே பட்டினி போட்டதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. கவுண்டரில் இருந்த பெண் பாரத்தை முன்னும் பின்னும் புரட்டினாள். "அக்கா, இந்தப் பேரே எங்க பாரத்துல இல்லையே." டாக்டர் கடிதமும் வேண்டுமாம். விலை கேட்டேன், அவளுக்கே தெரியவில்லை. நம்பரை எழுதிக்கொண்டாள்.

ஸ்பெஷலிஸ்டிடம் வாய்விட்டுக் கேட்டேன். சிரிக்கவில்லை, புண்ணியவதி. சில ஆய்வுகளில் அனோரெக்சியா உள்ளவர்களுக்கு டி.என்.எஃப். ஆல்ஃபாவும் இன்டர்லூகின்-6 என்ற இன்னொரு சைட்டோகைனும் கூடுதலாக இருந்தன, சிலவற்றில் வித்தியாசமே இல்லை; அதை அளந்து ஒருவருக்கு நோய் என்று சொல்லவோ மருந்து கொடுக்கவோ முடியாது என்றார். சி.ஆர்.பி. இந்த நோயில் குறைவாகவே இருக்கலாமாம். கிருமி தொற்றினாலும் காய்ச்சல் காட்டாமல் போகலாமாம். அந்த முதல் கிளினிக்கை நினைத்துப் பல்லைக் கடித்தேன்.

அவர் முதலில் பிடித்தது மணிக்கட்டைத்தான். நாடி நிமிடத்துக்கு 46, ரொம்பக் குறைவு. நீங்கள் போனால் நாடி, படுத்தும் நின்றும் பிரஷர், ஈ.சி.ஜி., ரத்தத்தில் உள்ள உப்புகளான பொட்டாசியம், பாஸ்பேட் இவற்றைக் கேளுங்கள். பழைய ரிசல்ட்டைப் போனில் படம் பிடித்து வையுங்கள். நான் வீட்டில் விட்டுவிட்டு இன்னொரு நடை அலைந்தேன். பயத்தில் ஒரேயடியாகச் சோற்றைத் திணிக்காதீர்கள், பாஸ்பேட் சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். எவ்வளவு, எப்படி என்பதை அவர்கள்தான் சொல்லவேண்டும்.

மூன்று வாரம் கழித்து லேப் பெண் போன் செய்தாள். "அக்கா, விலை கேட்டுட்டேன், அந்த டெஸ்ட் எடுக்கிறீங்களா?"

"வேணாம்மா" என்று வைத்துவிட்டேன். போன தடவை நாடி 58.