கையெழுத்துக்குத் தலைப்பே இடம்

பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் தங்கையின் திருமண அழைப்பிதழுக்கு மாதிரி பார்த்தோம். ஓர் அட்டையில் மணமக்கள் பெயர் முதல் மண்டபத்தின் முகவரி வரை எல்லாமே கையெழுத்துப் பாணி எழுத்துரு. பெயர்கள் துள்ளலாக, அழகாகத்தான் இருந்தன. முகவரிக்கு வந்தால் ண-வின் சுழிகள் மையில் அடைபட்டுக் கிடக்கின்றன. தாத்தா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்தே ஓய்ந்துவிடுவார்.

இவ்வகை எழுத்துருக்கள் பெரிதாகப் போடுவதற்கென்றே பிறந்தவை. தாரிக் அஸீஸ் வடிவமைத்த 'கவிவனார்' எனக்குப் பிடிக்கும். சற்றே சாய்ந்த நடை. கூகுள் எழுத்துருக்களில் இலவசமாகவே கிடைக்கிறது. சுவரொட்டிக்கும் கடைப்பலகைக்கும் கச்சிதம்.

ஆனால், பெரும்பாலான கையெழுத்து எழுத்துருக்களில் 'பாப்பா' என்று அடித்துப் பாருங்கள். கையால் எழுதினால் இரண்டாவது 'பா' கொஞ்சம் அவசரப்படும். எழுத்துருவிலோ இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. குட்டு அங்கேதான் வெளிப்படுகிறது. ஒரே எழுத்துக்குச் சில வடிவங்கள் வரைந்து மாற்றி மாற்றிப் போட ஓபன்டைப் என்னும் எழுத்துருக் கோப்பு முறையில் வழி இருக்கிறது. யாராவது மெனக்கெட வேண்டும், அவ்வளவுதான்.

அப்படியே, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, யானைத் துதிக்கை போல வளைந்த 'லை'யையும் ஒரு மாற்று வடிவமாகச் சேர்த்துவிடுங்கள். அம்மாவின் மளிகைப் பட்டியலில் அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.