முதல் படத்தில் தெரியாத முறிவு

"எக்ஸ்ரேயில் முறிவு எதுவும் தெரியல" என்ற டாக்டர், அதே மூச்சில் "ஆனாலும் கட்டுப் போட்டுடலாம்" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒன்றும் தெரியவில்லை என்றால் கட்டு எதற்கு? கட்டுத்தான் போடப்போகிறார் என்றால் படம் எதற்கு? நல்லவேளை, இதை வாய்விட்டுக் கேட்டேன். அவரும் சலிக்காமல் பதில் சொன்னார்.

நடந்தது சாதாரண விழுகைதான். ஈரமான படியில் கால் வழுக்கியது, உள்ளங்கையை ஊன்றினேன். பெரிய வீக்கம் இல்லை, விரல்களெல்லாம் மடங்கின. சுளுக்கு என்று யாரும் சொல்லிவிடக்கூடிய வலி. ஆனால் பூட்டில் சாவியைத் திருப்பும்போது மட்டும் கட்டைவிரலின் அடியில் சுரீர் என்றது. இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் எலும்பு டாக்டரிடம் போனேன்.

அவர் எடுத்த எடுப்பில் எக்ஸ்ரே எழுதவில்லை. கட்டைவிரலை மேலே தூக்கச் சொன்னார். அப்படித் தூக்கினால் மணிக்கட்டின் ஓரத்தில், இரண்டு நரம்புபோல் புடைக்கும் தசைநாண்களுக்கு நடுவில், ஒரு குழி விழும். அதில் விரல்நுனியை வைத்து அமுக்கினார். அடிபடாத கையில் வெறும் அழுத்தம்தான், அடிபட்ட கையில் உயிர் போனது. அப்புறம் கட்டைவிரலைப் பிடித்து மணிக்கட்டை நோக்கி மெதுவாகத் தள்ளினார். அதற்கும் வலித்தது. அந்தக் குழிக்கு அடியில் இருப்பது ஸ்கேபாய்டு என்ற சிறிய எலும்பு. கையை ஊன்றி விழுபவர்களுக்கு மணிக்கட்டின் குட்டி எலும்புகளில் அதிகம் உடைவது அதுதான். ஆக, படம் எடுக்கும் முன்பே அவர் மனதில் ஒரு கேள்வி இருந்தது. எக்ஸ்ரே சீட்டிலும் வெறுமனே 'கை' என்று எழுதாமல் 'ஸ்கேபாய்டு' என்று குறிப்பிட்டிருந்தார்.

அந்தக் குறிப்பு எவ்வளவு முக்கியம் என்பது எக்ஸ்ரே அறையில்தான் புரிந்தது. மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். உலோகம் கதிரைத் தடுத்து, பின்னால் இருக்கும் எலும்பை மறைத்துவிடும். எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ரோண்ட்கன், 1895 டிசம்பரில் தன் மனைவியின் கையை எடுத்த அந்தப் புகழ்பெற்ற படத்தில், விரல் எலும்பைவிட மோதிரம்தான் பளிச்சென்று தெரியும். அடிபட்ட கையில் மோதிரம் இருந்தால் வீக்கம் ஏறுமுன் கழற்றிவிடுவது எப்படியும் நல்லது. கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா என்றும் கேட்டார்கள். கைக்கு எடுக்கும் எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு மிகக் குறைவு, இயற்கையாகவே நம்மேல் சில மணி நேரத்தில் படும் அளவுதான். இருந்தாலும் கேட்பது முறை.

உள்ளங்கையைப் பலகைமேல் விரித்து ஒன்று, கையைச் சாய்த்து ஒன்று, சுண்டுவிரல் கீழே இருக்கும்படி பக்கவாட்டில் ஒன்று. ஒரு கைக்கு எதற்கு இத்தனை படம் என்று தோன்றும். எலும்பு முப்பரிமாணப் பொருள், படமோ தட்டை. நேராகப் பார்க்கும்போது ஒழுங்காகத் தெரியும் எலும்பு, பக்கவாட்டில் பார்த்தால் விலகி நிற்கலாம். எனக்கு நான்காவதாகவும் ஒன்று எடுத்தார்கள். மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மடக்கச் சொன்னார் டெக்னீஷியன். அப்படி வைத்தால்தான் ஸ்கேபாய்டு முழு நீளத்துக்கும் தெரியும். சீட்டில் அந்தப் பெயர் இல்லாவிட்டால் இந்தப் படமே எடுத்திருக்க மாட்டார்கள்.

வெளியே காத்திருந்தவர்களும் கைக்குத்தான் வந்திருந்தார்கள், ஆனால் காரணம் வேறு வேறு. ஒரு சிறுவனுக்கு அடியே படவில்லை. வயதுக்கு ஏற்ற உயரம் இல்லையென்று இடது கையை எடுக்கச் சொல்லியிருந்தார்கள். குழந்தைகளின் விரல் எலும்பு முனைகளில் வளர்ச்சித் தட்டுகள் இருக்கும். அவை எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்த்து எலும்பின் வயதைக் கணிப்பார்கள். ஒப்பிடுவதற்கான மாதிரிப் படங்கள் இடது கையுடையவை என்பதால் இடது கை. ஒரு பெரியம்மாவுக்கு வலது கையில்தான் வலி அதிகம், ஆனால் இரண்டு கையையும் எடுத்தார்கள். மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும். மூட்டு ஓரத்தில் எலும்பு அரித்திருக்கிறதா, அல்லது வெறும் தேய்மானத்தால் இடைவெளி குறைந்து முள்போல் எலும்பு வளர்ந்திருக்கிறதா என்று பார்த்தால் வைத்தியமே மாறும்.

சரி, என் படத்துக்கு வருகிறேன். டாக்டர் அதைத் திரையில் போட்டுக் காட்டினார். கையில் மொத்தம் 27 எலும்புகள். அதில் 8, மணிக்கட்டில் கூழாங்கற்களை அடுக்கியதுபோல் நெருக்கமாக இருக்கின்றன. கட்டைவிரல் மூட்டருகே பட்டாணிபோல் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. உடைந்த துண்டா என்று கேட்டேன். இல்லை, அநேகமாக எல்லோருக்கும் இருக்கும் சிறு எலும்புகளாம். எலும்பையும் எலும்பையும் இணைக்கும் தசைநார், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் எதுவும் எக்ஸ்ரேயில் தெரியாது, அதனால் எலும்பு சரியாக இருந்துவிட்டால் மட்டும் கை சரியென்று சொல்லிவிட முடியாது என்றார்.

என் கேள்விக்கும் பதில் வந்தது. ஸ்கேபாய்டில் விலகாத விரிசல் விழுந்தால், முதல் சில நாள் படத்தில் அது தெரியாமலே போகலாம். விரிசலின் இரண்டு ஓரமும் ஒட்டினாற்போல் இருக்கும். நாள் ஆக ஆக அந்த ஓரத்து எலும்பை உடம்பே கொஞ்சம் கரைக்கும், கோடு அகலமாகும், அப்போது படத்தில் விழும். அதனால்தான் 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி எடுப்பது. காத்திருக்க முடியாதவர்களுக்கு எம்ஆர்ஐ உடனே காட்டிவிடும். அதுவரை கட்டு ஏன் என்றால், இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனை வழியாக நுழைந்து பின்னோக்கி ஓடுகிறது. நடுவில் உடைந்தால் முழங்கைப் பக்கத்துத் துண்டுக்கு ரத்தம் குறைந்துவிடும். சுளுக்கு என்று விட்டுவிட்டால் எலும்பு சேராமல் போகலாம், அந்தத் துண்டு செத்தும் போகலாம். வருஷங்கள் கழித்து மணிக்கட்டே தேய்ந்துவிடும்.

மறுபடி எடுத்த படத்தில் அது இருந்தது. பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஸ்கேபாய்டின் நடுவில், இடுப்புபோல் குறுகிய பகுதியில், குறுக்காக ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. முதல் படத்தில் அதே இடத்தைத் தேடித் தேடிப் பார்த்தேன், இடம் தெரிந்தும் எனக்குப் பிடிபடவில்லை. எலும்பு விலகியிருக்கிறதா என்று பார்க்க ஒரு சிடி ஸ்கேன். விலகவில்லை, அதனால் திருகாணி வைக்கும் அறுவை தேவைப்படவில்லை. முழங்கைக்குக் கீழே மாவுக்கட்டு, பல வாரம்.

கட்டைப் பிரித்த அன்றைக்கும் படம் மட்டும் பார்த்து அனுப்பிவிடவில்லை. அதே குழியில் அதே விரலை வைத்து அமுக்கினார், முகத்தைப் பார்த்துக்கொண்டே. வலிக்கவில்லை. மணிக்கட்டு மட்டும் மரக்கட்டையாக இருந்தது, அதற்குப் பிசியோதெரபி இன்னும் நடக்கிறது. ஒவ்வொரு முறையும் பழைய படங்களைக் கேட்கிறார்கள், அதனால் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.