ஏங்க, யாரு பினாயில் கொட்டினது?

சனிக்கிழமை ராத்திரி எட்டரை மணி. துபாயிலிருந்து வந்த மாப்பிள்ளை, டியூட்டி ஃப்ரீ பையிலிருந்து லாகவூலின் 16 விஸ்கி பாட்டிலை எடுத்து டீப்பாயில் வைக்கிறார். மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, லேபிளைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்துப் படிக்கிறார். "16 வருஷமா? நம்ம சின்னவன் எல்கேஜி போனப்பவே போட்டு வச்சிருக்கான்!" தக்கையைத் திறந்து அரை நிமிஷம் ஆகவில்லை, சமையலறையிலிருந்து அத்தை குரல்: "ஏங்க, யாரு பினாயில் கொட்டினது?"

பீட் என்ற சதுப்பு நிலக் கட்டியை எரித்த புகை ஏறிய சிங்கிள் மால்ட்டை (ஒரே ஆலையில் மால்ட் பார்லியில் மட்டும் காய்ச்சிய விஸ்கி) முதல்முறை திறக்கும் வீடுகளில் எல்லாம் இதே காட்சிதான். வசனம் மட்டும் மாறும். வயர் கருகுது, ஆஸ்பத்திரி வார்டு நாத்தம், பழைய சிவப்பு லைஃப்பாய், டெட்டால் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். அதற்கடுத்த வசனம் மாமாவுடையது, அது மாறவே மாறாது: "சரக்கு கெட்டுப் போச்சு மாப்ள. உன்னை நல்லா ஏமாத்திட்டான்."

கெடவில்லை. அத்தை மூக்கு சொன்னதும் சரிதான். கடையில் வாங்கும் கறுப்பு பினாயிலில் இருப்பது கிரெசால் வகை தார் அமிலங்கள். பழைய கார்பாலிக் சோப்பில் இருந்தது ஃபினால். டெட்டாலில் இருப்பதும் ஃபினால் குடும்பத்துப் பிள்ளைதான். பீட் புகையில் ஃபினால், கிரெசால், குவாயகால் மூன்றும் உண்டு. கார்பாலிக் அமிலம் என்று சொன்னாலே ஃபினால்தான். ஜோசப் லிஸ்டர் 1865-ல் அதைக் காயத்துக்குக் கட்டி, கிருமி நீக்கும் அறுவை சிகிச்சைக்கு வழி போட்டது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில். லாகவூலின் வருகிற ஐலா தீவு அதே ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் இருக்கிறது. ஆக ஆஸ்பத்திரி வாசனை என்று சொல்பவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை. குடிக்காத அத்தைதான் அந்த அறையில் சரியாகச் சொன்ன முதல் ஆள்.

"பீப்பாயைக் கருக்கினதால வந்த புகை மாப்ள" என்று மாமா அடுத்த தீர்ப்பை வழங்குவார். விஸ்கியை வருஷக்கணக்கில் வைத்திருக்கும் பீப்பாயின் உள்பக்கத்தை நெருப்பில் வாட்டுவது உண்மைதான். ஆனால் இந்தப் புகை வேறு வழியாக வருகிறது. சதுப்பு நிலத்தில் பாசியும் புதரும் பல ஆயிரம் வருஷம் அரைகுறையாக மக்கி அமுங்கியதுதான் பீட். வசந்தத்தில் கட்டி கட்டியாக வெட்டி, கோடையில் காற்றாட அடுக்கிக் காய வைப்பார்கள். வறட்டி தட்டும் ஊர்க்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். முளைகட்டிய பார்லியை, அதாவது மால்ட்டை, உலர்த்தும் சூளையில் இதை எரித்துப் புகை விடுவார்கள். தானியம் ஈரமாக இருக்கும்வரைதான் புகை ஒட்டும். மேல்தோல் காய்ந்துவிட்டால் எவ்வளவு எரித்தாலும் வீண். அதனால் பீட் நெருப்பு முதலில், வெறும் சூடான காற்று பிறகு.

இந்த இடத்தில் யூடியூப் பார்த்து வளர்ந்த தம்பி ஒருவர் "எத்தனை பிபிஎம்?" என்று ஆரம்பிப்பார். லாகவூலினுக்குச் சுமார் 35, மற்ற ஐலா விஸ்கிகளில் ஆர்ட்பெக்குக்கு 55, ஆக்டோமோரில் ஒரு பதிப்பு 300-ஐத் தாண்டியிருக்கிறது. 35 என்றால் ஒரு டன் மால்ட்டில் 35 கிராம் ஃபினால், அவ்வளவுதான். அதுவும் அளப்பது மால்ட்டில், பாட்டிலில் இல்லை. அரைத்து, ஊறவைத்து, நொதிக்கவைத்து, இரண்டு தடவை காய்ச்சுவதற்குள் பாதிக்கு மேல் போய்விடும். காய்ச்சும்போது புகைச்சத்து பெரும்பாலும் கடைசியில்தான் இறங்கும். குடிக்க எடுக்கும் நடுப்பகுதியை எந்த இடத்தில் வெட்டி நிறுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்துக் கணக்கே மாறிவிடும். லாகவூலினும் ஐலாவின் இன்னொரு விஸ்கியான கல் ஈலாவும் போர்ட் எலன் மால்ட் ஆலையிலிருந்து ஏறக்குறைய ஒரே அளவு பீட் ஏற்றிய மால்ட்டைத்தான் வாங்குகின்றன. ஒன்று கம்பளி போர்த்தின மாதிரி கனமாக வரும், இன்னொன்று சன்னமாக, எலுமிச்சைத் தோல் வாசத்தோடு வரும். பிபிஎம் எண்ணை வைத்து ருசியைச் சொல்வது, மிளகாய் எத்தனை கிலோ வாங்கினார்கள் என்று கேட்டுவிட்டுக் குழம்பு எப்படி என்று சொல்வது மாதிரி.

இதற்குள் மாமா எவர்சில்வர் டம்ளரில் ஒரு லார்ஜ் ஊற்றி, சோடா மூடியில் ஓப்பனரை வைத்துவிட்டார். அவர் கையைப் பிடிக்க வேண்டிய நேரம் இதுதான்.

30 மில்லி லாகவூலினில் 150 மில்லி சோடா விட்டால் 43 சதவீதம் 7-க்கு இறங்கும். ஸ்ட்ராங் பீர் அளவு. 16 வருஷம் காத்திருந்ததை ஒரு ஓப்பனரில் பீராக்கியாச்சு. சோடாவே கூடாது என்று இல்லை. அதே ஐலாவின் பத்து வருஷ லஃப்ரோய்க்கில் நிறைய ஐஸும் சோடாவும் விட்டு, எலுமிச்சைத் தோல் ஒரு கீற்று பிழிந்தால் வெயில் காலத்துக்கு அருமையாக இருக்கும். 16-க்கும் அதையே செய்வது காசுக்குப் பிடித்த கேடு.

கிளாஸ், அடி அகன்று வாய் குறுகி இருக்க வேண்டும். விஸ்கிக்கென்றே செய்த கிளென்கேர்ன் கிளாஸ் இருந்தால் சரி. இல்லையென்றால் சின்ன ஒயின் கிளாஸ் போதும். டம்ளரின் அகன்ற வாயில் வாசனை நிற்காது. ஷோகேஸில் வருஷக்கணக்காக இருந்த கிளாஸ் என்றால் முதலில் காலியாக முகர்ந்து பாருங்கள். எலுமிச்சை சோப்பு வாசமோ பாச்சை உருண்டை வாசமோ கட்டாயம் இருக்கும். வெந்நீரில் இரண்டு தடவை அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்து உலர விடுங்கள். அறையில் கொசுவத்தி எரிந்தால் அணைத்துவிடுங்கள். ஊதுபத்தியும் வேண்டாம். மல்லிகைப்பூ கொஞ்சம் தள்ளி இருந்தால் நல்லது, ஆனால் அதை அத்தையிடம் யார் சொல்வது என்பது உங்கள் வீட்டுப் பிரச்சினை.

30 மில்லி ஊற்றிப் பத்து, பதினைந்து நிமிஷம் சும்மா வைக்க வேண்டும். சொல்வது சுலபம். ஊற்றினதைக் கண்ணெதிரில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் சும்மா இருப்பது மாமாவுக்கு நாற்பது வருஷத்தில் முதல் அனுபவம். "ஆவியாப் போயிடாதா மாப்ள?" கொஞ்சம் போகும். போவது பெரும்பாலும் மூக்கைக் குத்தும் ஸ்பிரிட் நெடி.

அடுத்து முகர்வது. பலரும் மூக்கை நேரே கிளாஸுக்குள் விட்டு ஒரே இழுப்பாக இழுப்பார்கள். கண்ணில் தண்ணீர் வரும், ஐந்து நிமிஷத்துக்கு மூக்கு மரத்துப் போகும். கிளாஸை மோவாய் அருகில் பிடித்து, வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு, சின்னச் சின்னதாக இழுக்க வேண்டும். வாய் திறந்திருந்தால் நெடி குத்தாது. முதலில் அத்தையின் பினாயில்தான் வரும். அது வரட்டும். மூக்கு இரண்டு மூன்று நிமிஷத்தில் அதற்குப் பழகிவிடும். பழகினால்தான் பின்னாடி இருப்பதெல்லாம் வெளியே வரும். தணலில் சுட்ட சோளக்கதிர், உலர்ந்த அத்தி, கருப்பட்டிப் பாகு இறங்கும் பதத்தில் வரும் வாசம், கடலோரத்தில் காயும் வலை. நடுவில் ஒன்றுமே தெரியாமல் போனால் காப்பிக்கொட்டையைத் தேடி ஓட வேண்டாம். சொந்த முழங்கை மடிப்பை ஒரு தடவை முகர்ந்தால் மூக்கு பழைய நிலைக்கு வந்துவிடும்.

முதல் மடக்கைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. வாய் அதிர்ச்சியில் இருக்கும், எல்லாமே சாம்பலாகத்தான் தெரியும். ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக எடுத்து நாக்கு முழுக்கப் புரட்டி விழுங்கிவிடுங்கள். இரண்டாவது மடக்கைப் பத்து, பதினைந்து விநாடி வாயில் வைத்திருந்து விழுங்கி, உதட்டை மூடி, மூச்சை மூக்கு வழியாக வெளியே விடுங்கள். இனிப்பும் புகையும் தனித்தனியாகத் தெரிவது அந்த மூச்சில்தான். மாமாவின் நாற்பது வருஷப் பழக்கமான கல்ப்பில் இந்த மூச்சுக்கு இடமே கிடையாது. விழுங்கின கையோடு மிக்சரை வாயில் போட்டு அடைத்துவிடுவார்.

மிக்சர் என்றதும் சைட் டிஷ் ஞாபகம் வருகிறது. மிளகுக் கோழி, சில்லி எல்லாம் அன்றைக்கு வேண்டாம். காரம் தட்டும் அதே எரிச்சல் நரம்பைத்தான் ஆல்கஹாலும் தட்டும். இரண்டும் சேர்ந்தால் நெருப்பு மட்டும்தான் மிஞ்சும். உப்புப் போடாத வறுத்த முந்திரி, கறுப்பு சாக்லேட் ஒரு துண்டு போதும். ஐலாவில் பச்சைச் சிப்பியின் மேல் ஒரு சொட்டு விட்டுச் சாப்பிடுகிறார்கள். மாமா இதைக் கேட்டு நெத்திலிக் கருவாடு பொரிக்கச் சொல்வார். புகையும் மீனும் பழைய சொந்தம்தான், யோசனை தப்பில்லை. மசாலா இல்லாமல் பொரிக்க வேண்டும், அதற்கு அத்தை சம்மதிக்க வேண்டும்.

இப்போது தண்ணீர். "ராவா அடிக்கிறவன்தான் ஆம்பளை" கட்சிக்கும் "வாட்டர் பாதிக்குப் பாதி" கட்சிக்கும் நடுவில் ஒரு பாதை இருக்கிறது. குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து விடும் டிராப்பரோடு போகும் பாதை அது. ஒரு மில்லிக்குச் சுமார் இருபது சொட்டு. 30 மில்லி 43 சதவீத விஸ்கியில் அரைத் தேக்கரண்டி, அதாவது இரண்டரை மில்லி தண்ணீர் விட்டால் 40-க்குப் பக்கத்தில் வரும். இன்னொரு அரை விட்டால் 37. ஐந்து சொட்டு, பிறகு பத்து என்று ஏற்றிக்கொண்டே ஒவ்வொரு தடவையும் முகர்ந்து பாருங்கள். ஒரு கட்டத்தில் ஆஸ்பத்திரி பின்னாடி போய் இனிப்பு முன்னாடி வரும், அங்கே நிறுத்திவிடுங்கள். 10 மில்லி தாண்டினால் வாயில் கனமே இருக்காது, புகை மட்டும் தண்ணியாய் நிற்கும். விட்ட தண்ணீரைத் திரும்ப எடுக்க முடியாது என்பதால்தான் டிராப்பர். இதற்கு விஞ்ஞானமும் உண்டு: 2017-ல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டு பேர் கணினியில் கணக்குப் போட்டார்கள். ஆல்கஹால் அதிகமாக இருந்தால் புகை வாசம் தரும் குவாயகால் மூலக்கூறுகளை அது சூழ்ந்து உள்ளேயே வைத்துக்கொள்கிறது, நீர்த்தால் அவை மேல்பரப்புக்கு வருகின்றன என்று வந்தது. கேன் தண்ணீர் போதும். குளோரின் வாடை அடிக்கும் குழாய்த் தண்ணீரை விட்டால் அத்தையின் புகாருக்கு நீங்களே சாட்சி ஆகிவிடுவீர்கள்.

ஐஸ் போட்டால் குளிரில் வாசனை மேலே எழும்பாது. பல பாட்டிலில் கலங்கலும் தெரியும். அதைப் பார்த்தும் "டூப்ளிகேட்" என்பார்கள். கலங்குவது கொழுப்பு அமிலச் சேர்மங்கள், கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் மே மாதத்தில் 34 டிகிரி அறையில் ஐஸ் இல்லாமல் குடிக்கச் சொல்வதும் கொடுமை. அந்தச் சூட்டில் ஸ்பிரிட் நெடி தூக்கலாக அடிக்கும். பாட்டிலை ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் பிரச்சினை தீர்ந்தது. ஃப்ரீஸரில் வேண்டாம்.

"16-லேயே இவ்வளவு புகைன்னா 25 எப்படி இருக்கும்!" என்று மாமா அடுத்த பயணத்துக்கு லிஸ்ட் போட ஆரம்பிப்பார். கையில் காசோடு எல்லாரும் விழும் குழி இதுதான். வயசு ஏற ஏறப் புகை குறையும். பீப்பாயின் ஓக் மரச் சத்து ஏறிக்கொண்டே போகும், ஃபினால் மெல்ல அடங்கும். லாகவூலினின் 200-வது ஆண்டான 2016-ல் 8 வருஷச் சரக்கு ஒன்றை 48 சதவீதத்தில் விட்டார்கள். 16-ஐயும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தால் சண்டைக்கு வருவது சின்னப் பையன்தான். 16-ல் புகைக்கு ஈடாக இனிப்பு நிற்கும், அதற்குத்தான் அந்த விலை. புகைதான் வேண்டும் என்றால் பத்து வருஷ ஆர்ட்பெக் வாங்குங்கள், 46 சதவீதம், விலையும் குறைவு. நிறத்தைப் பார்த்து வயசு சொல்லாதீர்கள். ஸ்காட்ச்சில் கேரமல் நிறம் சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது.

பீரோவில் பத்து வருஷம் பூட்டி வைத்தால் 26 ஆகாது. பாட்டிலுக்குள் வயசு ஏறாது. ஆனால் பாட்டிலை நிற்க வைத்தே வையுங்கள். ஒயின் மாதிரி படுக்க வைத்தால் ஆல்கஹால் தக்கையை அரித்து, ஒருநாள் திறக்கும்போது பாதி தக்கை கையில், பாதி உள்ளே. அப்படி ஆனால் டீ வடிகட்டி வீட்டிலேயே இருக்கிறது. பாதிக்குக் கீழே வந்த பாட்டிலை ஆறு மாதத்தில் முடியுங்கள், இல்லையென்றால் நிறைய நிரம்புகிற சின்னக் கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றுங்கள். காற்று பட்டுக்கொண்டே இருந்தால் புகையும் மங்கும்.

"நம்ம ஊர்ப் பக்கம் இப்படி 16 வருஷம் வைக்க மாட்டானா?" வைத்தால் மிஞ்சாது. ஸ்காட்லாந்துக் குளிரில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு இரண்டு சதவீதம்போல ஆவியாகும், 16 வருஷம் கழித்தும் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். பெங்களூரில் பத்து சதவீதம் என்று வைத்தாலே ஐந்தில் ஒரு பங்குகூட நிற்காது. அதனால்தான் 2004-ல் கிளாஸ்கோவிலேயே போய்ச் சிங்கிள் மால்ட்டை இறக்கிய பெங்களூர் ஆலையான அம்ருத்தின் வழக்கமான பாட்டில்கள் எல்லாம் இளசாக வருகின்றன. அவர்களின் பீட்டட் பாட்டிலுக்கு மால்ட் ஸ்காட்லாந்திலிருந்து வருகிறது. ஐலா விலை கட்டுப்படியாகாதவர் அதில் மூக்கைப் பழக்கிக்கொள்ளலாம்.

பதினொன்றரைக்குப் பாட்டிலை மூடும்போது ஒரே ஒரு கிளாஸைக் கழுவாமல் மேஜையிலேயே விட்டுவிடுங்கள். காலையில் அடியில் ஒட்டின கடைசிச் சொட்டும் காய்ந்திருக்கும், ஆல்கஹால் துளியும் இருக்காது. எளிதில் ஆவியாகாத சத்து மட்டும் கண்ணாடியில் தங்கியிருக்கும். நல்ல பீட் விஸ்கியா என்று பார்க்க இதைவிடச் சுலபமான சோதனை கிடையாது. மட்டமான சரக்கில் ஈர அட்டைப்பெட்டி வாசம்தான் வரும்.

காலை ஆறு மணிக்கு அதைக் கழுவ எடுப்பவர் அத்தைதான். ராத்திரி சொன்ன ஞாபகத்தில் மூக்கைச் சுளித்துக்கொண்டே ஒரு தடவை முகர்ந்து பார்ப்பார். சிங்க் குழாயைத் திறக்கப்போன கை நிற்கும். இன்னொரு தடவை முகர்வார்.

"ஏங்க, எழுந்திரிங்க. இதுல ஹோமம் முடிஞ்ச வீடு மாதிரி வாசம் வருது. அந்தப் பினாயில் எங்க போச்சு?"