மறதிநோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்தல்: கிளினிக் முதல் கிணற்றடி வரை

கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போவதற்கு முன் ஒரு கொப்பியில் இரண்டு கிழமைக்கு எழுதி வையுங்கள். "எல்லாம் மறக்கிறா" என்றால் வைத்தியருக்கு ஒன்றும் விளங்காது. "உலையில் அரிசி போட்டதை மறந்து திரும்பவும் போட்டவ", "கடையில் மிச்சக் காசு எண்ணத் தெரியேல்லை" என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். மெல்ல மெல்ல வந்ததா, திடீரென்று வந்ததா என்பதுதான் முதல் கேள்வி. இரண்டு மூன்று நாளுக்குள் ஆள் தலைகீழாக மாறினால் முதலில் வேறு காரணம் தேட வேண்டும்: சலத்தில் கிருமி, நெஞ்சுச் சளி, மலச்சிக்கல், வெயில் காலத்தில் தண்ணீர் போதாமை. சீனி வருத்தக் குளிசையைப் போட்டதை மறந்து இரண்டாம் தரமும் போட்டால் சீனி இறங்கியும் குழம்புவார்கள். அப்படியானால் கிளினிக் நாள் பார்த்திருக்காமல் 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

மெல்ல வந்த மறதிக்கு, மல்லாவி, புதுக்குடியிருப்பு போன்ற கிட்டடி ஆஸ்பத்திரியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் துண்டு எடுத்துக்கொண்டு கிளிநொச்சி, முல்லைத்தீவு அல்லது வவுனியா மாவட்ட ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். "விசர்க் கிளினிக்" என்று ஊர் சொல்லும்; சொல்லட்டும். வீட்டிலுள்ள குளிசை எல்லாவற்றையும் ஒரு பையில் கொண்டுபோங்கள், பாமசியில் தடிமனுக்கு வாங்கிய பிரிட்டன் (Piriton) குளிசை உட்பட. பிரிட்டன், மனச்சோர்வுக்கும் நரம்பு நோவுக்கும் தரும் அமிட்ரிப்டிலின் போன்ற குளிசைகள் மறதியைக் கூட்டும். தைரோயிட், பி12, உப்பு, சீனி இரத்தப் பரிசோதனைகள் செய்வார்கள். இவற்றில் பிழை இருந்தால் மருந்தால் திருத்தலாம். அண்மையில் விழுந்து தலை அடிபட்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், மூளையைச் சுற்றி மெதுவாக இரத்தம் கசிந்திருக்கலாம். எம்.ஆர்.ஐ. ஸ்கான் என்றால் உடம்பில் சண்டைக் காலத்துச் செல் (எறிகணை) துண்டு இருக்கிறதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். நோயாளிக்கு அது நினைவில்லாமல் இருக்கலாம், அந்த ஸ்கான் மெசினின் காந்தமோ இரும்பை அசைக்கும்.

மறதிக்குத் தரும் டொனெபெசில் குளிசையைத் தந்தால் வழக்கமாக 5 மில்லிகிராமில் தொடங்கி, ஒரு மாதத்துக்குப் பிறகு தேவையானால் 10 ஆக்குவார்கள். போன நினைவு திரும்பி வராது. சிலருக்குக் கொஞ்சக் காலம் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். வயிற்றோட்டம், சாப்பாட்டில் மனமில்லாமை, தலைசுற்றி விழுதல் வந்தால் அடுத்த கிளினிக் வரை வைத்திருக்காமல் சொல்லுங்கள், நாடி குறைந்திருக்கலாம்.

வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது கிணறு. கட்டு இடுப்பளவு இல்லையென்றால் கம்பி வலை மூடி போட்டுப் பூட்டுங்கள். வயலுக்கு அடிக்கும் மருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கம் அன்றோடு நிற்க வேண்டும். படலைக் கொளுக்கியைக் கண் மட்டத்தில் போடாமல் கீழே, முழங்காலளவில் போட்டால் பலர் தேடிக் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஆனால் ஆளை உள்ளே தனியே விட்டுப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள், அடுப்பு இருக்கிறது. மலசலகூடம் வளவுக் கோடியில் என்றால் இரவுக்குக் கட்டிலடியில் கொமோட் வையுங்கள். பிளாஸ்டிக் கதிரையின் நடுவை வெட்டி வாளி வைப்பது சரிவராது, பாரம் ஏறினால் கால் விரிந்து ஆள் சரிந்துவிடுவார். மரக்கதிரையில் வெட்டுங்கள்.

ஆள் காணாமல் போனால் முதலில் தண்ணீர்: கிணறு, வாய்க்கால், குளக்கட்டு. பிறகு பழைய வீட்டுக்குப் போகும் பாதை. அதோடு சேர்த்தே கிராம சேவகருக்கும் 119 பொலிசுக்கும் சொல்லுங்கள். தொலைபேசி இலக்கத்தைச் சட்டையின் உட்பக்கத்தில் தைத்து விடலாம். கழுத்தில் தொங்கவிட்டால் கழற்றி எறிந்துவிடுவார்கள்.

சண்டை நடந்த எங்கள் வன்னியில் மருந்துக்கு அடங்காத ஒன்று உண்டு. மறதி புதியதைத்தான் முதலில் தின்னும், பழையது கிடக்கும். அதனால் சண்டை நடந்த 1996ம் 2009ம் சிலருக்கு இன்றைய நாளாகிவிடும். கோயில் வெடி கேட்டால் "செல் வருது, பங்கருக்குள்ள வாங்கோ" என்று கத்துவார்கள். "சண்டை முடிஞ்சுதணை" என்று வாதாடினால் பயம் கூடும். கூடப்போய்ச் சுவரோரம் குந்தி, கையைப் பிடித்துக்கொண்டு, சத்தம் ஓய்ந்தது என்று நீங்கள் சொல்வதே வேலை செய்யும். திருவிழா நாள் தெரியுமே, வெடி தொடங்க முன் வானொலியைக் கொஞ்சம் சத்தமாக வையுங்கள். தலையணைக்குக் கீழ் சோற்றை ஒளிக்கிறவரை ஏசாமல், மூடியுள்ள பிஸ்கற் ரின் ஒன்றை அவருடையதாகவே கொடுங்கள். பழையதை மாற்றும்போது ரின்னை வெறுமையாக விடாதீர்கள்.

காணாமல் போன மகன் எங்கே என்று அம்மா கேட்டால்? ஒவ்வொரு முறையும் உண்மையைச் சொன்னால் ஒவ்வொரு முறையும் அந்தச் செய்தியை அவ புதிதாகக் கேட்கிறா. "வருவான்" என்று பொய்யும் வேண்டாம், படலையிலேயே நிற்பா. "அவனுக்கு என்ன கறி விருப்பம் அம்மா?" என்று கேளுங்கள், சொல்லத் தொடங்குவா.

காணி வேலையைத் தள்ளிப் போடாதீர்கள். குடியேற்றத் திட்டக் காணி அனுமதிப்பத்திரத்தில் பின்னுரித்தாளர் (அவருக்குப் பிறகு காணி சேர வேண்டியவர்) பெயர் பதியப்படாமல் இருந்தால், அனுமதிப்பத்திரக்காரர் விளங்கிக் கையெழுத்து வைக்கக்கூடிய காலத்திலேயே பிரதேச செயலகத்துக்குக் கூட்டிப் போங்கள். காலை நேரம் போங்கள். பின்னேரமானால் பெரும்பாலும் குழப்பம் கூடிவிடும்.