பீரங்கிகள் பார்த்த திசை

சிங்கப்பூரைப் பற்றிப் பள்ளி நாட்களில் நான் கேட்டிருந்த போர்க்கதை ஒன்றுதான்: பிரிட்டிஷாரின் பீரங்கிகள் எல்லாம் கடலைப் பார்த்து நின்றன, ஜப்பானியர்களோ பின்பக்கம் நிலத்தின் வழியாக வந்துவிட்டார்கள். செந்தோசாத் தீவின் மேற்கு முனையில் உள்ள சிலோசோ கோட்டைக்குச் சென்ற மாதம் போனபோது, அந்தக் கதையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் படியேறினேன்.

படியேறினேன் என்பது சரியன்று. பதினொரு மாடி உயரத்துக்கு மின்தூக்கியில் சென்று, 181 மீட்டர் நீளமுள்ள நடைபாலத்தில் மரங்களின் தலைக்கு மேலாக நடந்துதான் கோட்டையை அடைய வேண்டும். அந்த உயரத்திலிருந்து பார்த்தால், இந்த இடத்தை 1870-களில் ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு விளக்கப் பலகை தேவையில்லை. கெப்பல் துறைமுகத்தின் மேற்கு வாசல் கண்முன்னே கிடக்கிறது. எந்தக் கப்பலும் இந்தக் குன்றின் பார்வைக்குத் தப்பி உள்ளே நுழைய முடியாது.

பீரங்கி மேடைகளையும், புழுக்கம் மிகுந்த சுரங்கப்பாதைகளையும், வெடிமருந்து அறைகளையும் பார்த்து முடிப்பதற்குள் என் பழைய கதை பாதி கரைந்துவிட்டது. 1942 பிப்ரவரி 8 இரவு ஜப்பானியப் படைகள் சிங்கப்பூரின் வடமேற்குக் கரையில் இறங்கிய பிறகு, அதன் பெரிய கடலோரப் பீரங்கிகளில் பல நிலத்தை நோக்கித் திருப்பிச் சுடப்பட்டன. சிலோசோவின் பீரங்கிகள், எதிரியின் கையில் எண்ணெய் சிக்கிவிடக் கூடாது என்பதற்காக, அருகிலிருந்த புலாவ் புக்கோம், புலாவ் செபாரோக் தீவுகளின் எண்ணெய்க் கிடங்குகளையும் அழித்தன. சிக்கல் திசையில் மட்டும் இல்லை, குண்டுகளிலும் இருந்தது. கடலோரப் பீரங்கிகளுக்கென்று சேர்த்து வைத்திருந்தவற்றில் பெரும்பாலானவை போர்க்கப்பலின் இரும்புக் கவசத்தைத் துளைப்பதற்கானவை. அவை ரப்பர்த் தோட்டத்து மண்ணில் ஆழப் புதைந்து வெடித்தால், பரவலாக நகரும் காலாட்படைக்குப் பெரிய சேதம் விளையாது. ‘தப்பாகத் திரும்பி நின்ற பீரங்கி’ என்று சொல்வது எளிது. ஒரு வகைப் போருக்காகவே திட்டமிட்டவர்களிடம் இன்னொரு வகைப் போர் வந்து சேர்ந்தது என்று சொல்வதே எனக்கு நியாயமாகப் படுகிறது.

சரணடைவுக் கூடத்தில் மெழுகு உருவங்கள் இரண்டு காட்சிகளாக அமர்ந்திருக்கின்றன. ஒன்று, 1942 பிப்ரவரி 15 அன்று புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யமாஷிதாவிடம் சரணடைந்தது. மற்றொன்று, 1945 செப்டம்பர் 12 அன்று நேச நாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டன் முன்னிலையில் ஜப்பானியர்கள் சரணடைந்தது. மெழுகுச் சிலைகள் எனக்கு எப்போதுமே சற்றுச் செயற்கையாகத் தோன்றும், இங்கும் அப்படித்தான். ஆனாலும் தோற்றவரும் வென்றவரும் இடம் மாறி உட்கார்ந்திருப்பதை அடுத்தடுத்துப் பார்த்தபோது சிறிது நேரம் நகர மனம் வரவில்லை.

இரு மேசைகளைச் சுற்றிலும் தளபதிகளும் அதிகாரிகளும்தான். இந்தத் தீவின் பீரங்கிப் படைகளில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். சரணடைந்த இரண்டாம் நாள், பிப்ரவரி 17 அன்று, பிடிபட்ட இந்தியப் படையினர் பல்லாயிரம் பேரைத் தனியாகப் பிரித்து, ஃபேரர் பார்க் திடலில் கூட்டி ஜப்பானியர்களிடம் ஒப்படைத்தார்கள். இந்திய தேசிய இராணுவத்துக்குப் பெரிய அளவில் ஆள்சேர்ப்பு அந்தக் கூட்டத்திலிருந்துதான் தொடங்கியது. கோட்டையைப் பார்த்த மறுநாள் காலை, லிட்டில் இந்தியாவின் தேக்காவில் தோசை சாப்பிட்டுவிட்டு, ஃபேரர் பார்க் வரை நடந்தே போனேன். கால்மணி நேரம்கூட ஆகவில்லை.